ஒரு மணி நேரம் உடனிருப்போம்



துக்க வீடு ஒன்றை நினைத்துப் பார்ப்போம். தந்தையின் உடல் பெட்டியில் கிடத்தப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு வயது மகன் தலைமாட்டில் நின்று விம்முகிறான். உறவினர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "நீ ஆம்பளப் பிள்ளை, அழக் கூடாது. இனி நீதான் அம்மாவையும் தங்கச்சியையும் பாத்துக்கணும்" என்கிறார். அந்த உறவினர் வேறு யாருமல்ல, நாம்தான். அன்பினால்தான் சொன்னோம். ஆனால், வலித்தால் வெளியே காட்டக் கூடாது என்ற பாடத்தை அவன் அன்று கற்றுக்கொண்டான்.

அழுகையைத் தடுத்த நாம், கோபத்தை மட்டும் அவனுக்கு விட்டுவைத்தோம். பயம் வந்தாலும் கோபம், அவமானம் வந்தாலும் கோபம், கடன் நெருக்கினாலும் கோபம். பின்னாளில் அது மனைவிமேல் விழுகிறது, பிள்ளைகள்மேல் விழுகிறது. சில வேளைகளில் தன் உயிரையே எடுத்துக்கொள்ளத் துணிகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பேர் ஆண்கள். காரணங்கள் பல. ஆனாலும், அவர்களில் எத்தனை பேருக்கு மனம் விட்டுப் பேச ஒருவர் இருந்திருப்பார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் என்ன செய்தார்? பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் தம்மோடு அழைத்துச் சென்றார். மலைமேல் தமது மாட்சியைக் கண்ட அதே மூவரிடம், தமது துயரத்தையும் மறைக்காமல் சொன்னார். தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள்.

சிறிது நேரத்தில் படைவீரர் வந்ததும், அதே பேதுரு வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாளருடைய காதை வெட்டினார். நண்பரின் துயரத்தோடு ஒரு மணி நேரம் உட்கார முடியாதவருக்கு வாளெடுக்க ஒரு நொடி போதுமானதாக இருந்தது. நம் வீட்டு ஆண்களின் கதையும் பல நேரம் இதுதான் அல்லவா?

இயேசு முதலில் வாளை உறையில் போடச் சொன்னார். ஆம், உள்ளே வலி இருக்கிறது என்பதற்காகக் கை நீட்டுவது நியாயமாகிவிடாது. ஆனால் அவர் அதோடு பேதுருவைக் கைவிடவில்லை. உயிர்த்த பின் திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்தவருக்கு முதலில் உணவு கொடுத்தார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் பேசினார். மறுதலித்ததைக் குத்திக் காட்டவில்லை. அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, ஆடுகளைப் பேணும் பொறுப்பை ஒப்படைத்தார். வாள் பிடித்த கை மேய்ப்பனின் கையானது அறிவுரையால் அல்ல, உறவால்.

ஆகவே தந்தையரே, மாமன்மாரே, அண்ணன்மாரே, இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். மகனை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் பதில் வரும். சேர்ந்து பைக்கைக் கழுவுவோம், சேர்ந்து டீக்கடைக்கு நடப்போம். நாம் பயந்த ஒரு நாளைப் பற்றி முதலில் நாமே சொல்லுவோம். வீட்டில் தவறு செய்திருந்தால், பிள்ளைகள் பார்க்க மனைவியிடம் மன்னிப்புக் கேட்போம். அன்பியக் கூட்டத்துக்கு வராமல் ஒதுங்கும் ஆண்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்போம். யாராவது வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், தனியே விடாமல் உடனிருப்போம். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கத் துணை செய்வோம்.

அடுத்த துக்க வீட்டில் ஒரு சிறுவன் அழுதுகொண்டு நிற்கும்போது, அவன் தோளில் கை போட்டு, "அழுப்பா, நாங்க இருக்கோம்" என்போம். இலாசரின் கல்லறை முன் கண்ணீர் விட்ட ஆண்டவர், நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.