சுதந்திர இந்தியாவின் ரூபாய் நோட்டுகள்
(பயிற்சி அலுவலர்களிடையே ஆற்றிய உரை)

ரூபாய் நோட்டை வாங்கும்போது அதன் தொகையை நோக்குகிறோமே அன்றி, அதன் முகத்தை நோக்குவதில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்த முகம் ஆறாம் ஜார்ஜ் மன்னருடையது. விடுதலை பெற்ற நாட்டின் செலாவணியில் அயல் மன்னரின் உருவம் நீடிப்பதா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் பழைய நோட்டுகளே தொடர்ந்து புழங்கின.

இதனைத் தயக்கம் என்பாருளர். நான் அவ்வாறு கருதவில்லை. நோட்டு என்பது ஒரு வாக்குறுதி. பிரிவினையால் மக்கள் நிலைகுலைந்திருந்த வேளையில், கையிலுள்ள பணம் செல்லுமா என்ற ஐயமும் சேர்ந்திருந்தால் வாணிபம் முடங்கியிருக்கும். பாகிஸ்தானுக்கும் 1948 ஜூன் 30 வரை நமது ரிசர்வ் வங்கியே மைய வங்கியாகப் பணியாற்றியது. இந்திய நோட்டுகளின் மீதே 'பாகிஸ்தான் அரசு' என மேலச்சிட்டு அங்கு வழங்கினர்.

மன்னருக்குப் பதிலாக எந்த உருவம்? காந்தியடிகளின் உருவம் என்றே முதலில் எண்ணப்பட்டு, மாதிரிகளும் வரையப்பட்டன. இறுதியில் சாரநாத்தின் சிங்கத்தூண் முகடு ஏற்கப்பட்டது. 1949-இல் புதிய அமைப்பில் ஒரு ரூபாய் நோட்டும், 1950-இல் 2, 5, 10, 100 ரூபாய் நோட்டுகளும் வெளிவந்தன. (ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு, கையொப்பம் நிதித்துறைச் செயலாளருடையது. தேர்வு எழுதுவோர் குறித்துக்கொள்ளலாம்.) உருவம் மாறியதே தவிர, ஏனைய அமைப்பு பெரும்பாலும் பழையதே.

1953-இல் இந்தி எழுத்துகள் முதன்மை பெற்றபோது, 'ருபயா' என்பதன் பன்மை யாது என்ற விவாதம் மூண்டு, 'ருபயே' என முடிவாயிற்று. கேட்கச் சிரிப்பு வரலாம்; ஆனால் கோடிக்கணக்கில் அச்சாகும் சொல் அல்லவா? இன்று நோட்டின் பின்புறப் பட்டியலில் 15 மொழிகள் உள்ளன. ஆங்கிலமும் இந்தியும் அறியாத குடிமகன் தொகையைத் தன் மொழியிலேயே சரிபார்க்க முடிகிறது. அலங்காரங்கள் அனைத்தையும்விட இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1954-இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இடம்பெற்றது; 1978-இல் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. 1969-இல் நூற்றாண்டு நினைவு நோட்டுகளில் தோன்றிய காந்தியடிகள், 1996-இல் தொடங்கிய வரிசையில் நிலையான இடம் பெற்றார்.

இடைக்காலத்து நோட்டுகள் திட்டக்காலத்தின் படத்தொகுப்பு எனலாம்: நூறு ரூபாயில் ஹிராகுட் அணை, ஐந்தில் உழும் டிராக்டர், இரண்டில் ஆரியபட்டா செயற்கைக்கோள், ஒன்றில் எண்ணெய்த் துரப்பண மேடை. சிக்கனமும் தன் தடத்தைப் பதித்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் நிலவிய நெருக்கடியை முன்னிட்டு, 1967-இல் நோட்டுகளின் அளவே குறைக்கப்பட்டது.