உயிரின் கணக்கையும் பார்ப்போம்!

(அஸ்தம்பட்டியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிரசவத்துக்குப் போன ஒரு சகோதரி மையித்தாகத் திரும்பினால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு சாரார், "கத்ர், அவ்வளவுதான்" என்று கபருஸ்தானிலிருந்து கலைந்து விடுகிறோம். இன்னொரு சாரார் டாக்டரின் சட்டையைப் பிடிக்கிறோம், கண்ணாடியை உடைக்கிறோம். எந்த இடத்தில் தவறியது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கண்டுபிடிக்காத வரை, இன்னொரு வீட்டுச் சகோதரியும் அதே காரணத்தால் இறப்பாள்.

கத்ரை நம்புவது நம் ஈமான். ஆனால் ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டுத் தவக்குல் பேச மார்க்கம் நமக்குக் கற்றுத் தரவில்லை.

லீ பஜார் வியாபாரிகளைக் கேட்கிறேன். மூட்டைக்கு இரண்டு கிலோ குறைகிறது என்றால், கடைப் பையனை அடித்தால் குறைவு நின்று விடுமா? தராசைப் பார்ப்பீர்கள், சாக்கைப் பார்ப்பீர்கள், லாரியில் ஏற்றிய இடத்தையும் குடோனில் இறக்கிய இடத்தையும் பார்ப்பீர்கள். ஓட்டையை அடைத்த பிறகு, அடுத்த மாதமும் எடை போட்டுப் பார்ப்பீர்கள். மருத்துவமனைகளில் தர மேம்பாடு என்று இன்று உலகம் பேசுவதும் இதைத்தான். இது நமக்குப் புதிதும் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ மேதை ராஸி, நோயாளிகளின் நிலையை எழுதி வைத்து, ஒரு சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

தமிழகம் கண்ட வழி

1990களிலேயே தமிழக அரசு, பிரசவ கால மரணங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து ஆராயத் தொடங்கியது. மரணம் அரசு மருத்துவமனையில் நடந்தாலும், தனியாரிடத்தில் நடந்தாலும், வீட்டிலோ வழியிலோ நடந்தாலும் கணக்கில் வர வேண்டும். குடும்பத்தாரிடமே நேரில் போய் விசாரித்தார்கள். மாவட்ட ஆட்சியர் முன் நடந்த ஆய்வில் உறவினர்களும் பேசினார்கள். யாரைத் தண்டிப்பது என்பதல்ல நோக்கம். புறப்படத் தாமதமா, வந்து சேரத் தாமதமா, வந்த பிறகு சிகிச்சையில் தாமதமா என்பதே கேள்வி.

விடை கிடைத்ததும் ஓட்டைகளை அடைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பகலாகச் செவிலியர், அவசரப் பிரசவ மையங்கள், இரத்த வசதி, 2008 முதல் 108 வண்டி. ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 2001-03இல் 134 தாய்மார் இறந்த தமிழகத்தில், 2018-20இல் அது 54 ஆகக் குறைந்தது. அதே 2018-20இல் நாட்டின் சராசரி 97.

பட்டியல் மட்டும் போதாது

உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. பிரசவத்தின்போது கை கழுவுவது முதல் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, பாதி நிலையங்களில் கொடுத்து, பயிற்சியாளர்களும் வந்து போனார்கள். 2ஆம் மாதத்தில் 73 சதவீத வேலைகள் முறையாக நடந்தன. பயிற்சியாளர் வருகை நின்ற பின், 12ஆம் மாதத்தில் அது 62 ஆகச் சரிந்தது. பட்டியல் கொடுக்காத நிலையங்களை விட இது மேல்தான். ஆனாலும் மரணங்கள் குறையவில்லை. நல்ல பட்டியல் மட்டும் இருந்து, கிடங்கில் இரத்தமும் கத்தி பிடிக்க டாக்டரும் இல்லாவிட்டால் தாய் பிழைக்க மாட்டாள். சுவரில் ஒட்டிய காகிதம் வைத்தியம் பார்க்காது!

நாம் செய்ய வேண்டியது

ஏற்காட்டிலிருந்து இறங்கும் 108 வண்டி நமது அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நெரிசலில் நின்று அலறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வழி விடுவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். இளைஞர்களே, மஹல்லா வாரியாக இரத்த வகைப் பட்டியல் தயாரியுங்கள். உடல் தகுதியுள்ள ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் கொடுக்கலாம். பிரசவத் தாய்மாரை அதிகம் கொல்வது இரத்தப் போக்குதான் என்பதை மறவாதீர்கள்.

வணிகர்களே, மருத்துவமனைக்கு நாற்காலியும் மின்விசிறியும் கொடுத்துப் பெயர் பொறிப்பதற்கு முன், "இங்கே எது இல்லாமல் நோயாளி காத்துக் கிடக்கிறார்?" என்று கேளுங்கள். நோயாளர் நலச் சங்கங்களில் இடம் பெற்று, போன ஆண்டை விட நிலைமை மேம்பட்டதா என்று கணக்குக் கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, ஒரு மரணத்தை விசாரிக்க அதிகாரி வந்தால், குடும்ப கௌரவம் என்று உண்மையை மறைக்கச் சொல்லாதீர்கள். அந்தச் சாட்சியம் அடுத்த தாயைக் காப்பாற்றும்.

அளவையில் குறைப்போரை எச்சரிக்கத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே (83) இருக்கிறது. தராசுக்கு அஞ்சி வியாபாரம் செய்யும் நாம், ஏழைக்குக் கிடைக்கும் சிகிச்சையில் அளவு குறைந்தால் பார்த்துக் கொண்டிருக்கலாமா? கோபப்படுவது ஒரு நாள் வேலை. கணக்குப் பார்ப்பது தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை. அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களாக நீங்கள் முன்வர வேண்டும்.

வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.