தளர்நடைப் பருவம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தையின் வளர்ச்சியை நம் முன்னோர் கூர்ந்து நோக்கியவர்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களே சான்று. ஐந்தாம் மாதத்துக்குரியது செங்கீரை. குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும். ஒன்பதாம் மாதத்துக்குரியது சப்பாணி, அமர்ந்து கைகொட்டும். பதின்மூன்றாம் மாதத்துக்குரியது வருகை, தளர்நடையிட்டு வரும். முதலில் தலை, பின்னர் இடுப்பு, அதன்பின் கால் என உடல் மேலிருந்து கீழாக வசப்படுகிறது என்றே இன்றைய அறிவியலும் கூறுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து ஆராய்ந்தது. இந்தியாவில் தேர்ந்த இடம் நாம் வாழும் தில்லியின் தென்பகுதியே. தாய்ப்பால் உண்டு, வறுமையறியா இல்லங்களில் வளர்ந்த மழலைகள் அவர்கள். பனி நாட்டுக் குழந்தையும் பாலை நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே உயர்ந்தன. உயர வேறுபாட்டில் நாட்டினால் நேர்ந்தது நூற்றுக்கு 3 பங்கே! ஆதலின் குழந்தைகள் குன்றி வளர்வதை நாட்டின் மேலும் குலத்தின் மேலும் ஏற்றிச் சொல்லுதல் தகாது. உணவையும் நலவாழ்வையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

அவற்றுள் ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளின் இயக்கமும் ஆராயப்பட்டது. பிடிப்பின்றி அமர்தல் 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையிலும், தனியே நடத்தல் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரையிலும் நிகழக் கண்டனர். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை.

அன்பர்களே! ஊரில் பாட்டிமார் அருகிருந்து சொன்னதை இந்தக் குடியிருப்பில் கைப்பேசி சொல்கிறது. எதிர்வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்தது. நம் குழந்தை பதினான்காம் மாதத்திலும் சுவரைப் பிடிக்கிறது. உடனே பழி யார்மேல் விழுகிறது? பெற்றவள்மேல்! இஃது அறமன்று. இரு குழந்தைகளும் இயற்கையின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன.

அவசரத்தில் 'வாக்கர்' வாங்குவோரும் உளர். அது நடை கற்பிப்பதில்லை. விபத்துகளைக் கண்டு கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் மூன்று சக்கர நடைவண்டியோ வேறு. அதைத் தள்ளும் குழந்தை தன் காலிலேயே நிற்கிறது.

எனினும் பொறுமை வேறு, அசட்டை வேறு. பதினெட்டு மாதம் ஆகியும் நடக்கவில்லையெனில், அல்லது கற்றதொன்றை இழந்துவிட்டதெனில், தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள். மற்றபடி பாயை விரித்துக் குழந்தையைத் தரையில் விடுங்கள். அதற்கு வேண்டுவன இடமும், நல்லுணவும், நம் பொறுமையுமே.