பயிற்சியும் பணிதான், தாய்மார்களே!

(கும்மிடிப்பூண்டி பகுதி குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் நாங்கள் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒரு அம்மா சொன்னாங்க: "என் பையன் அக்னிவீர் தேர்வுக்காக தினமும் ஓடிப் பழகுறான். முதல்ல பயிற்சிதானே மேடம், சண்டைக்கா போறான்? எனக்குப் பயமில்லை."

அதைக் கேட்டதும் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். கோஹில் விஸ்வராஜ்சிங், வயது 20. சைகத் சித், வயது 21. இருவரும் அக்னிவீரர்கள். 2024 அக்டோபர் 10 அன்று மகாராஷ்டிர மாநிலம் நாசிக் அருகே தேவ்லாலியில் பீரங்கிப் பயிற்சி நடந்தது. அப்போது குண்டு வெடித்து இருவரும் இறந்துபோனார்கள். அன்று எல்லையில் அவர்களுக்குச் சண்டை இல்லை. வேலை பழகிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நம் ஊர் இல்லை, நம் பாஷை இல்லை. ஆனால் பெற்ற வயிறு எங்கேயும் ஒன்றுதானே!

பயிற்சியில் இறந்தாலும் அது பணியில் இறந்ததுதான். திட்ட விதிப்படி அப்படி இறக்கும் அக்னிவீரர் குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத் தொகை, மீதிப் பணிக்காலச் சம்பளம், சேவா நிதி ஆகியவை உண்டு. மற்ற சிப்பாய் குடும்பத்துக்குக் கிடைக்கும் மாதாந்திர ஓய்வூதியம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் நாம் பிள்ளையை அனுப்ப வேண்டும். விவரம் கேட்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. தயங்காமல் போய்க் கேளுங்கள்.

பட்டாளம் மட்டுமா? நம் சிப்காட்டில் ஷிப்ட் போகும் பிள்ளைகளும் புது மெஷினில் வேலை பழகுகிறார்கள். "கற்றுக்கொடுத்தாங்களா? கையுறை, ஹெல்மெட் தந்தாங்களா?" என்று வீட்டில் கேட்கிறோமா? இ.எஸ்.ஐ. பதிவு இருக்கா, பி.எஃப்.பில் நாமினி யார் என்று பார்த்திருக்கிறோமா? கல்யாணத்துக்கு முன் எழுதிய பி.எஃப். நாமினி, கல்யாணத்துக்குப் பின் செல்லாது. புதிதாக எழுத வேண்டும்.

பணம் உயிருக்கு ஈடாகாது, தெரியும். ஆனால் அழுதுகொண்டிருக்கும் தாயை காகிதத்துக்காக அலையவிடக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்குள் ஊக்குநரும் பிரதிநிதியும் வீடு வீடாகக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

இப்போது அந்த இரண்டு பிள்ளைகளுக்காக எழுந்து நிற்போம். ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம்.