வலிக்காத புண்

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துல நான் வீடு வீடா சர்க்கரை மாத்திரை கொண்டுபோறது உங்களுக்குத் தெரியும். இன்னைக்கு எங்க மாமியார் காலைப் பத்திப் பேசப் போறேன். அவங்கதான் சொல்லச் சொன்னாங்க. அதோ மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க.

அத்தைக்குச் சர்க்கரை வந்து 12 வருஷம். போன வருஷம் 100 நாள் வேலையில சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைச்சுப் பெருவிரல் அடியில ஏறியிருக்கு. ரெண்டு நாள் அதோடவே நடந்திருக்காங்க. சர்க்கரை கூடியே கிடந்தா கால் நரம்பு மரத்துப்போகும். முள்ளும் தெரியாது, சூடும் தெரியாது. "வலிக்கலையே"ன்னு மஞ்சளை வச்சுக் கட்டிக்கிட்டாங்க. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிற நான் என் வீட்டுக் காலைக் குனிஞ்சு பாக்கல.

நாத்தம் வந்த பிறகுதான் கட்டைப் பிரிச்சோம். விரல் கறுத்துப்போச்சு. முதல்ல போன இடத்துல முழங்காலுக்குக் கீழே எடுக்கணும்னாங்க. குழுவுல உள்கடன் வாங்கிக்கிட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் முதல்ல பார்த்தது ரத்த ஓட்டத்தை. பாதம் வரைக்கும் ரத்தம் வருது, காப்பாத்தப் பாக்கலாம்னார். அந்த ஒரு விரலையும் செத்த சதையையும் எடுத்தாங்க. சீழைச் சோதிச்சு அதுக்கேத்த மருந்து, சர்க்கரைக்கு இன்சுலின்.

சீழ் அடங்கினதும் பாதத்துல பாரம் விழாதபடி மாவுக்கட்டு போட்டாங்க. இதைத்தான் நாம மருந்தாவே நினைக்கிறதில்ல. புண்ணை மிதிச்சுக்கிட்டே எத்தனை களிம்பு போட்டாலும் ஆறாது. அத்தையோ மாட்டுக்குத் தண்ணி காட்ட எனக்குத் தெரியாம எந்திரிச்சுப் போவாங்க! கடைசியில மாட்டைப் பக்கத்து வீட்டுல கட்டினேன். புண் மூட நாலு மாசம் ஆச்சு. இப்ப எம்.சி.ஆர். செருப்பு போட்டு நடந்துதான் இங்கே வந்திருக்காங்க.

ஆணிக்காலைப் பிளேடால சீவாதீங்க. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். செருப்பைத் தட்டிட்டுப் போடுங்க. தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வச்சுப் பாருங்க. கொப்புளமோ, சிவப்போ, வீக்கமோ இருந்தா அடுத்த நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க.

அடுத்த கூட்டத்துல சேமிப்பு நோட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, சர்க்கரை உள்ளவங்க பக்கத்துல இருக்கிற அக்காகிட்ட காலைக் காட்டுங்க. கூச்சமா இருந்தா நான் வீட்டுக்கே வந்து பாக்கிறேன்.