படைப்பின் இரு வரலாறுகள்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாப் பகுதியில் அமைந்தது குறிஞ்சாக்கேணி. கடலை நம்பி வாழ்வோரும் வயலை நம்பி வாழ்வோரும் அயலவராக உள்ள இடம் அது. உலகம் எவ்வாறு தொடங்கிற்று என்று வினவினால் மீனவர் நீரிலிருந்து தொடங்கக்கூடும். பெரும்போக மழையை எதிர்நோக்கும் உழவரோ வறண்ட மண்ணிலிருந்து தொடங்கக்கூடும். விவிலியத்தின் ஆதியாகமம் இவ்விரு தொடக்கங்களையும் அடுத்தடுத்து வைத்திருக்கின்றது.

முதல் அதிகாரத்தில் எங்கும் ஆழ்நீர். மூன்றாம் நாளில் பயிர், ஐந்தாம் நாளில் மீனும் பறவையும், ஆறாம் நாளில் விலங்கும், இறுதியில் ஆணும் பெண்ணுமாக மனிதரும் தோன்றுகின்றனர். இரண்டாம் அதிகாரத்திலோ மழையில்லை, நிலத்தைப் பண்படுத்த மனிதனுமில்லை, ஆதலால் செடியுமில்லை. முதலில் மனிதன் மண்ணால் உருவாக்கப்படுகின்றான். அவனுக்குப் பின்னரே தோட்டம், விலங்குகள், பெண் என வரிசை செல்கின்றது. இறைவனின் பெயரும் மாறுகின்றது. முன்னதில் தேவன், பின்னதில் தேவனாகிய கர்த்தர். இவ்வேறுபாட்டைத் தமிழ் விவிலியத்திலேயே எவரும் காணலாம். இதனையே தடமாகக் கொண்டு, இரு மூலங்கள் இங்கே இணைந்துள்ளன என்று 1753ஆம் ஆண்டில் எழுதினார் பிரெஞ்சு மருத்துவர் ஜான் அஸ்திரூக்.

முரணை நீக்க முயன்றோரும் உளர். விலங்குகளை "உருவாக்கிக் கொண்டுவந்தார்" என்பதனை "முன்னரே உருவாக்கியிருந்தவற்றைக் கொண்டுவந்தார்" எனக் கொண்டால் வரிசைச் சிக்கல் தளரும். 1978இல் முழுமையாக வெளிவந்த ஆங்கிலப் புதிய சர்வதேசப் பதிப்பு இவ்வழியே சென்றது. ஆயினும், மனிதன் தனித்திருப்பது நன்றன்று என்று கூறிய பின்னர் விலங்குகள் வருவதால், கதையின் போக்கு அதற்கு எளிதில் இடந்தருவதில்லை.

இத்தகைய வினா விவிலியத்துக்கு மட்டும் உரியதன்று. குறிஞ்சாக்கேணி முஸ்லிம்கள் ஓதும் திருக்குர்ஆனின் 41ஆம் அத்தியாயத்தில் இரண்டு நாள், நான்கு நாள், இரண்டு நாள் என்று வருகின்றது. கூட்டினால் எட்டு, பிற இடங்களிலோ ஆறு. முதல் இரண்டும் நான்கினுள் அடங்கியவை என்று விரிவுரையாளர் விளக்கினர். அங்கே எண்ணும் முறையால் தீர்வு கிடைத்தது. ஆதியாகமத்தில் மாறுவதோ கதையின் நிலமே.

ஆறுகள் பாயும் பாபிலோனுக்குச் சிறைபோன மக்களிடையே, கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டளவில், முதல் வரலாறு இன்றைய வடிவம் பெற்றதென்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இரண்டாவது, மழையை நம்பிய வேளாண் மக்களின் பேச்சாக ஒலிக்கின்றது. இரண்டையும் சேர்த்து வைத்தவர்கள் வரிசை மாறியதை அறியாதவர்களல்லர். ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்துவது அவர்களுக்கு எளிது. அவர்கள் அதனைச் செய்யவில்லை. சூரியன் நான்காம் நாளில் தோன்றினால் முதல் மூன்று நாள்கள் எவ்வாறு நாள்களாயின என்று மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகனே வினவிவிட்டார். ஆகவே இவ்வையங்களை நவீன அவநம்பிக்கையின் விளைவென்று ஒதுக்குவோர் தம் சமய மரபையே முழுமையாக அறிந்தவராகார்.

இரண்டாம் வரலாற்றில் மழைக்கு முன் நிலத்தை நனைத்தது எது? அவ்வெபிரேயச் சொல்லைத் தமிழ்ப் பழைய பதிப்பு மூடுபனி என்கின்றது. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்போ ஊற்று என்கின்றது. கேணியைப் பெயரில் உடைய ஊரார்க்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றலாம்.