கத்தரிக்கோல் கற்றுத்தரும் பாடம்



பள்ளி முகப்பில் தொட்டிகளில் நிற்கும் ஃபைகஸ் பெஞ்சமினா செடியை நாம் அறிவோம். ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் உறவு அது. வடிவத்துக்காக அடிக்கடி கத்தரிக்கிறோம். வெட்டிய குச்சிகளை நட்டுக் கன்றாக்கி மாணவர்களுக்கும் கொடுக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தக் கத்தரிக்கோலைப் பற்றி இன்று பேச வேண்டியிருக்கிறது.

செடியின் அடித்தண்டிலோ கிளையில் வெட்டுப்பட்ட இடத்திலோ சொரசொரப்பான கட்டி தோன்றலாம். முதலில் வெளிறி மென்மையாக இருக்கும். நாளடைவில் பழுப்பேறிக் கட்டைபோல் இறுகும். இதைக் கழலை நோய் என்பார்கள். காரணம், மேல்நிலை வகுப்பில் மரபணுப் பொறியியல் பாடத்தில் நாம் நடத்தும் அதே அக்ரோபாக்டீரியம்தான். 1907இல் ஸ்மித், டவுன்சென்ட் ஆகிய இருவரும் கழலைக்குக் காரணம் பாக்டீரியா என்று காட்டினர். பெஞ்சமினாவின் கிளைக் கழலைகளிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவில் பிரித்தெடுத்த இனத்துக்கு அக்ரோபாக்டீரியம் லாரிமூரி என்று பெயர்.

காயம் இல்லாமல் இந்தக் கிருமி உள்ளே நுழைவதில்லை. நுழைந்ததும் தன் டிஐ பிளாஸ்மிட்டின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தச் செல் ஆக்சினையும் சைட்டோகைனினையும் அளவுமீறிச் சுரந்து பெருகுகிறது. கிருமிக்கு உணவாகும் ஓப்பைன்களையும் அதுவே தயாரிக்கிறது. பிறகு கிருமி அழிந்தாலும் கட்டி வளர்கிறது. அதனால்தான் மருந்து தெளித்து இதைக் குணப்படுத்த முடிவதில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: புடைப்பெல்லாம் கழலையல்ல. வெட்டுக்காயம் ஆறும்போது வழவழப்பான விளிம்பு எழும்பும். இலை மடிந்து உள்ளே கறுப்புப் பூச்சிகள் இருந்தால் அது இலைப்பேன். அவரை வேரிலுள்ள முடிச்சுகளோ தழைச்சத்து தரும் ரைசோபியத்தின் வேலை. அவற்றைப் பிடுங்கிவிடக் கூடாது. இந்த வேறுபாடுகளை மாணவர்கள் கண்ணால் கண்டு குறிப்பேட்டில் வரைந்தால், அதுவே நல்ல செயல்பாடு. ஐயம் இருந்தால் கட்டியுள்ள செடியைத் தனியே வைத்து, வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

நோய் உறுதியானால் தொட்டிமண்ணோடு அகற்றுவதே வழி. அந்த மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றக் கூடாது. கட்டியுள்ள செடியிலிருந்து ஒரு குச்சிகூட எடுக்க வேண்டாம். அது ஒரு குழந்தையின் கையில் வீட்டுக்குப் போனால், அங்கே அம்மா ஆசையாய் வளர்க்கும் ரோஜாவுக்கும் நோய் பரவக்கூடும். ஒரு செடியை வெட்டியதும் கத்தரிக்கோலைக் கழுவி, 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடைத்த பின்பே அடுத்த செடியைத் தொடுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். ஆகவே அந்த வேலையை ஆசிரியரே செய்யட்டும். பெயர்ப் பலகைக்காகத் தண்டில் ஆணி அடிப்பதையும் கம்பி இறுக்குவதையும் விட்டுவிடுவோம்.

கன்று கொடுப்பதை நிறுத்த வேண்டாம். நோயில்லாத கன்றைக் கொடுப்போம். கூடவே, அதைக் காயப்படுத்தாமல் வளர்க்கும் பழக்கத்தையும் கொடுப்போம்.